பத்து நிமிட மோப்பம்

நவம்பர் 4, திங்கள்

இன்று ஏழு கோழி செத்தது. நூறு கோழிக்கு எழுபத்திரண்டு முட்டை. போன மாதம் இதே தேதியில் தொண்ணூற்றொன்று. மருமகள் மேகலா முட்டை நோட்டை என் முன்னால் விரித்து வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நின்றாள். ஒன்றும் சொல்லாமல் நிற்பதில் அவளை மிஞ்ச நாமக்கல் மாவட்டத்தில் ஆள் கிடையாது.

பண்ணையாள் மாதையன் தண்ணீர்த் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டான். திங்கட்கிழமை தவறுவதே இல்லை. தொண்ணூற்றெட்டில் தண்ணீரால் கழிச்சல் வந்து ஆயிரம் கோழி போனபோது, கோழிச் செட்டுச் சுவரில் என் கையாலேயே கரியில் எழுதினேன்: 'தண்ணீரை எதில் பிடித்தாலும் முதலில் பிளீச்சிங். மறந்தவனுக்கு இங்கே வேலை இல்லை. இப்படிக்கு, அர்த்தநாரி.' இந்தப் பண்ணையில் என் சொல்லைக் கேட்பவன் அவன் ஒருவன்தான்.

நவம்பர் 5, செவ்வாய்

கால்நடை டாக்டர் வந்தார். செத்த கோழியைத் தீவனச் சாக்கின்மேல் போட்டு அறுத்தார். கல்லீரல் மஞ்சள் அரைத்துப் பூசியதுபோல் இருந்தது. விரலால் தொட்டதும் உதிர்ந்தது.

"சோளத்துல பூஞ்சை விஷமுங்க ஐயா. எங்கீங்க வாங்குனீங்க?"

"பெரம்பலூர் வியாபாரி துரைக்கண்ணு லோடு. நானே மோந்து பார்த்து எடுத்தது."

"மழையில நனைஞ்ச சரக்கா இருக்குங்க. மக்கின வாசம் அடிச்சிருக்குமே?"

அடிக்கவில்லை என்று சொன்னேன். உண்மைதான், அடிக்கவில்லை. முப்பத்தொரு வருடமாகச் சாக்கைக் குத்தி, கையில் அள்ளி, மூக்கில் வைத்து, 'எடு' அல்லது 'போ' என்று ஒரு வார்த்தையில் முடிக்கிறவன் நான். என்னிடம் வந்து வாசம் கேட்கிறார், நேற்று படித்துவிட்டு வந்த டாக்டர்.

அந்த லோடு வந்த நாளில் மாதையன் இல்லை. பேரனுக்குக் காது குத்து என்று ஊருக்குப் போய்விட்டான். இந்த விஷயத்துக்கு அது சம்பந்தமில்லை. தேதி ஞாபகத்துக்காக எழுதுகிறேன்.

நவம்பர் 7, வியாழன்

லேப் ரிப்போர்ட் வந்தது. நூறு கோடிப் பங்கில் நூற்று நாற்பது பங்கு விஷமாம். இருபதுக்குமேல் இருக்கக்கூடாதாம். நூறு கோடியை யார் உட்கார்ந்து எண்ணினார்கள் என்று கேட்டேன். மேகலா ரிப்போர்ட்டை மடித்து வைத்தாள். மீதிச் சோளம் பன்னிரண்டு டன்னையும் குழி தோண்டிப் புதைத்துவிடலாம் என்றாள்.

"வறுத்துப் போடலாம். பூஞ்சை செத்துப் போயிரும்."

"பூஞ்சை சாகுமுங்க மாமா. அது கக்கின விஷம் சாகாதுங்க. வறுத்தாலும் அவிச்சாலும் அப்படியே இருக்கும்."

"அப்புறம் என்னதான் பண்றது?"

நொதி என்று ஒன்று சொன்னாள். ஏதோ நுண்ணுயிரியிடமிருந்து எடுத்த பொடி. கோழியின் வயிற்றுக்குள் போய் அந்த விஷத்தைத் தேடிப் பிடித்து நறுக்கிவிடுமாம். நறுக்கிய துண்டு கோழியை ஒன்றும் செய்யாதாம்.

"கத்தரிக்கோல் மாதிரியா?"

"அப்படித்தானுங்க வெச்சுக்கோங்க."

கத்தரிக்கோல் பொடி! நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான். ஆனால் கோழித் தீவனத்தைப் பற்றித் தமிழில் வந்த பத்திரிகை எதையும் விட்டதில்லை. அந்த நறுக்கும் சாமானை நுண்ணுயிரி தானே செய்கிறது? கத்தரிக்கோலைக் கடையில் வாங்குவானேன்? அதைச் செய்கிற கொல்லனையே பண்ணையில் குடிவைத்துவிட்டால் ஆயிற்று. இதைச் சொன்னதும் மேகலா முகத்தில் ஒரு நொடி ஏதோ ஓடியது. நல்ல யோசனை என்று பட்டிருக்கும். ஒப்புக்கொள்ள மனமில்லை.

நவம்பர் 9, சனி

அடுப்பில் பால் தீய்ந்துவிட்டது. நான் பக்கத்தில்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். நல்லம்மாள் மாட்டுக் கொட்டகையிலிருந்து ஓடிவந்தாள்.

"ஏனுங், தீயற நாத்தம் கொட்டாய் வரைக்கும் வருது. பக்கத்துல உக்காந்துட்டு என்னுங் பண்றீங்?"

யோசித்துக்கொண்டிருந்தேன் என்றேன். நாற்பத்தாறு வருடக் குடித்தனத்தில் நான் யோசிப்பதை அவள் மதித்ததே இல்லை.

நவம்பர் 10, ஞாயிறு

முட்டை லாரியோடு கேரளா போன மகன் பூபதி திரும்பியிருந்தான். அவனைச் சாட்சியாக வைத்துக்கொண்டு பேச்சை முடித்தோம். செத்தாலும் சோளத்தைப் புதைக்க விடமாட்டேன் என்றேன். அதனால் இரண்டு செட்டுக்கும் நாலில் ஒரு பங்கு இந்தச் சோளம், மூன்று பங்கு புதுச் சோளம். ஒன்றாம் செட்டுக்கு மேகலாவின் பொடி. இரண்டாம் செட்டுக்கு நுண்ணுயிரி வளர்க்கும் என் பேரல். நாலு வாரம். எந்தச் செட்டில் முட்டை ஏறுகிறதோ அந்த ஆளிடம் தீவனம் கலக்கும் மிக்சர் அறைச் சாவி.

அந்தச் சாவி முப்பத்தொரு வருடமாக என் அரைஞாணில் தொங்குகிறது. மிக்சருக்குள் எது விழவேண்டும், எது விழக்கூடாது என்று சொல்வது அந்தச் சாவிதான். குளிக்கும்போதும் அவிழ்த்ததில்லை. அது போனால் இந்தப் பண்ணையில் நான் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போடுகிற ஆள். அவ்வளவுதான்.

"தோத்தா குடுத்தர்றீங்களாப்பா?" என்று பூபதி கேட்டான். இவனைப் பெற்றதற்கு நாலு கோழி வளர்த்திருக்கலாம். வளர்த்தேன். அவைகூடப் பரவாயில்லை.

நவம்பர் 11, திங்கள்

போட்டி ஆரம்பம். இருநூறு லிட்டர் பேரல் இரண்டு. புளித்த மோர், உருண்டை வெல்லம், மேலே தண்ணீர். மோர்ப் புளிப்பில் இருக்கிற நுண்ணுயிரிகள் இந்த விஷத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும் என்று ஒரு பத்திரிகையில் படித்து, சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன். உடைத்த சோளத்தை ஒரு நாள் முழுக்க அதில் ஊறவைத்துத் தீவனத்தில் கலக்கவேண்டும். தண்ணீர் பிடித்து ஊற்றும் வேலை மாதையனுக்கு. சொன்னதைச் சொன்னபடி செய்வான்.

ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்துப் பார்க்கப் போனேன். நல்லம்மாள் கரண்டியைத் தட்டிவிட்டாள். விஷச் சோளம் ஊறின தண்ணியாம். விஷத்தைத் தின்கிற என் பூச்சிகள்மேல் நம்பிக்கை இல்லாதவள்.

நவம்பர் 14, வியாழன்

பேரலில் நுரை இல்லை. என் பூச்சிகள் சத்தம் போடாமல் வேலை செய்கின்றன. இந்த வீட்டில் அப்படி வேறு யாரும் கிடையாது.

நவம்பர் 18, திங்கள்

முதல் வாரம். ஒன்றாம் செட்டு எழுபத்தாறு. இரண்டாம் செட்டு எழுபத்தொன்று. கடையில் வாங்கின பொடி ஆரம்பத்தில் கொஞ்சம் துள்ளும். கொல்லன் வந்து உலை மூட்ட நாள் ஆகும்.

மாதையன் பிளீச்சிங் போட்டான்.

நவம்பர் 21, வியாழன்

புண்ணாக்கு இறக்க வந்த லாரிக் கிளீனர் பேரல் பக்கம் நின்று, "என்னுங்க பெரியவரே, நீச்சல் குளம் கட்டறீங்களா? வாசம் ரோடு வரைக்கும் தூக்குது" என்றான். மாதையன் சிரித்தான். நானும் சிரித்துவைத்தேன். இந்தக் காலத்து ஆட்கள் பேசுகிற நக்கலுக்கு அர்த்தம் தேடிக்கொண்டிருந்தால் வேலை ஓடாது.

நவம்பர் 25, திங்கள்

ஒன்று: எண்பத்தொன்று. இரண்டு: அறுபத்தொன்பது.

முட்டை பொறுக்குகிறவர்கள் என் செட்டு முட்டையில் சிலதை அவள் செட்டுக் கணக்கில் சேர்க்கிறார்களோ என்று சந்தேகம். இன்று நானே கூடவே நடந்து எண்ணினேன். அறுபத்தெட்டுதான் வந்தது. இனி எண்ணப் போவதில்லை.

நவம்பர் 27, புதன்

மேகலா என்னிடம் வந்து, "மாமா, உங்க பேரல ஒருக்கா நான் பாக்கட்டுங்களா?" என்றாள். எதிர்க் கட்சிக்காரிக்கு அங்கே என்ன வேலை என்றேன். "கோழி நம்ம கோழிதானுங்களே" என்றாள். பேச்சில் மடக்கப் பார்க்கிறாள். பேரல் இருக்கும் அறைக்கும் பூட்டுப் போட்டுவிட்டேன். மாதையனுக்கு மட்டும் அனுமதி.

டிசம்பர் 1, ஞாயிறு

நல்லம்மாள் கோயிலுக்குப் போயிருந்தாள். சமையலறையில் கொசு. சுருள் கொளுத்தலாம் என்று தீப்பெட்டியை எடுத்து, முதல் குச்சி நமத்துப் போய், இரண்டாவது குச்சியை உரசக் கை ஓங்கினேன். அப்போது அவள் வாசலில் நின்று கத்தினாளே ஒரு கத்து! செட்டில் ஆறாயிரம் கோழியும் ஒன்றாகக் கத்தினாலும் அப்படி இராது. தீப்பெட்டி கையிலிருந்து விழுந்துவிட்டது.

கேஸ் அடுப்பின் திருகு பாதி திறந்திருந்ததாம். அறை முழுக்கக் கேஸாம். நான் கால் மணி நேரமாக அங்கே உட்கார்ந்து பேப்பரில் கல்யாண விளம்பரம் படித்துக்கொண்டிருந்தேன்.

ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "ஏனுங், அந்தக் காய்ச்சல்ல இருந்துதானுங்?" என்று மட்டும் கேட்டாள்.

எந்தக் காய்ச்சல் என்று கேட்டுவிட்டு எழுந்து செட்டுக்குப் போனேன்.

டிசம்பர் 2, திங்கள்

ஒன்று: எண்பத்தைந்து. இரண்டு: அறுபத்தேழு. பிளீச்சிங் ஆயிற்று. சமையலறையில் தீப்பெட்டியைக் காணவில்லை. லைட்டரையும் காணவில்லை.

டிசம்பர் 9, திங்கள்

நாலு வாரம் முடிந்தது. ஒன்றாம் செட்டு எண்பத்தெட்டு. இரண்டாம் செட்டு அறுபத்தாறு.

நான் ஒப்புக்கொள்ளவில்லை. சதி நடந்திருக்கிறது என்றேன். மோரில் இருக்கிற பூச்சி சும்மா சாகாது, யாரோ கொன்றிருக்கிறார்கள் என்றேன். எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பேரல் அறையைத் திறந்தேன். கதவு திறந்ததும் மேகலா முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். பூபதி இரண்டடி பின்வாங்கினான்.

"ஐயய்யோ! ஆஸ்பத்திரிக் கக்கூசு மாதிரி அடிக்குதேப்பா!"

"மாதையண்ணா, இதுல என்னங்க போட்டீங்க?" என்று மேகலா கேட்டாள்.

"மோரு, வெல்லம், தண்ணிங்க. அப்பறம் பிளீச்சிங்கு."

"பிளீச்சிங்கா? யார்றா உன்னப் போடச் சொன்னது?" என்று நான் கத்தினேன்.

மாதையன் திடுக்கிடவில்லை. நிதானமாகச் சுவரைக் காட்டினான். "நீங்கதானுங்க மொதலாளி எழுதி வெச்சிருக்கீங்க. தண்ணிய எதுல புடிச்சாலும் மொதல்ல பிளீச்சிங். பெரிய பேரலுன்னு ரெண்டு கை சேத்தியே போட்டனுங்க. தெனமும் புதுத் தண்ணி, தெனமும் போட்டனுங்க."

நாலு வாரம். நான் அடைகாத்த பூச்சிகளை, என் கையெழுத்தின் பேரிலேயே, தினமும் காலையில் ஒரு தடவை கொன்றிருக்கிறான். நாளைக்கு மறுபடி பிறந்தால் நாளைக்கும் கொல்வான். ஒழுங்கான ஆள்.

"ஏண்டா, இத்தன நாறுதுன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நீங்க பக்கத்துலயே நின்னு கிண்டிட்டு இருந்தீங்க. அதுதான் உங்க மருந்தாக்கும்னு நெனச்சமுங்க."

இரண்டாம் செட்டில் ஒரு கோழி கொக்கரித்தது. முட்டையே இடாத கோழியாகத்தான் இருக்கும்.

மேகலாதான் மெதுவாகச் சொன்னாள்: "மாமா, மூணு வருசமா ஒவ்வொரு லோடுக்கும் மாதையண்ணன் மோந்துட்டு இருமுனா நீங்க 'போ'ம்பீங்க. இருமலைன்னா 'எடு'ம்பீங்க. துரைக்கண்ணு லோடு அன்னைக்கு அவரு காது குத்துக்குப் போயிட்டாருங்க."

அவனுக்குச் சளித் தொந்தரவு என்றேன். மாதையன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு, அந்த மடையன், இருமினான்.

டிசம்பர் 10, செவ்வாய்

சொன்ன சொல் சொல்தான். சாவியை அவிழ்க்கப் போனேன். முடிச்சு அவிழவில்லை. முப்பத்தொரு வருட வியர்வையில் கல்லாகிவிட்டது. பல்லால் கடிக்கலாம் என்றால் வாய் எட்டாத இடம். நல்லம்மாள் நகத்தால் பிராண்டிப் பார்த்தாள். பூபதி அரிவாளை எடுத்துவந்தான். அவன் குறிபார்க்கிற லட்சணம் தெரிந்ததால் தூரப் போகச் சொன்னேன்.

கடைசியில் மேகலா தையல் பெட்டியிலிருந்து ஒரு கத்தரிக்கோலைக் கொண்டுவந்து நீட்டினாள். ஒரே நறுக்கு. அவள் சிரிக்கவில்லை. அதற்காகவே கோபம் வந்தது.

சாவியைக் கையில் வாங்கிக்கொண்டு, "உங்க பேரலக் கிணத்துத் தண்ணியில மறுபடி வைங்க மாமா, பிளீச்சிங் இல்லாம. யோசன தப்பில்லீங்க. ஆனா கோழிக்குப் போறதுக்கு முன்னால லேபுக்குப் போகோணும்" என்றாள். முதலில் யோசனை தப்பில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னேன். போட்டுக் கொடுத்தாள். அந்தச் சீட்டை இந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

டிசம்பர் 12, வியாழன்

அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு மூன்று வருடமாக எனக்கு எந்த வாசமும் தெரிவதில்லை. சோளமும் இல்லை, புண்ணாக்கும் இல்லை, கோழிப் பீயும் இல்லை. எழுதியாயிற்று. என் கையெழுத்து இந்த வீட்டில் யாருக்கும் புரியாது.

டிசம்பர் 13, வெள்ளி

நல்லம்மாள் சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "பெருங்காயம் இன்னைக்குத் தூக்கலா மணக்குதுங்" என்று, யாரும் கேட்காமலே, சொன்னாள். சாயங்காலம், "மழ வரப்போவுது, மண்ணு வாசம் வருதுங்" என்றாள்.

டைரியைப் படித்திருக்கிறாள்.

டிசம்பர் 20, வெள்ளி

கிணற்றுத் தண்ணீரில் வைத்த பேரல் பொங்கி வழிந்து அறையெல்லாம் நுரை. லேபில் நூற்று நாற்பது எழுபத்தைந்தாகக் குறைந்திருக்கிறது. இருபதுக்குக் கீழே வரவில்லை என்கிறாள் மேகலா. பாதி விஷத்தைத் தின்றவனைப் பாராட்டாமல் மீதிப் பாதிக்குக் கணக்குக் கேட்கிறாள். மிச்சம் இருந்த சோளத்தை இன்று குழியில் போட்டு மூடினார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

ஜனவரி 2, வியாழன்

மேகலா ஒரு சோதனை டப்பா வாங்கியிருக்கிறாள். சோளத்தை அரைத்து, மருந்துத் தண்ணீரில் குலுக்கி, வடிகட்டி, ஒரு காகிதப் பட்டையை அதில் நிறுத்தினால் பத்து நிமிடத்தில் கோடு வரும். இரண்டு கோடு வந்தால் நல்ல சோளம். ஒரு கோடு வந்தால் விஷம். "மத்த எடத்துல ரெண்டு கோடு வந்தாத்தான் வீட்டுல கலவரமே" என்றாள் நல்லம்மாள். அறுபத்தேழு வயதில் அவளுக்கு வந்த பேச்சு.

பிறகு மேகலா சுற்றிவளைக்காமல் விஷயத்துக்கு வந்தாள். "மாமா, பட்டையைப் பாத்தா வியாபாரி சண்டைக்கு வருவான். டப்பா தப்பும்பான், பொம்பளைக்கு என்ன தெரியும்பான். உங்க மூக்குன்னா வாயத் தெறக்க மாட்டான். லோடு வந்தா நீங்கதான் முன்னால நிக்கோணும்."

"எனக்குத்தான் வாசம்…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

"வியாபாரிக்கு அது தெரியாதுங்களே."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஜனவரி 6, திங்கள்

பிளீச்சிங் ஆயிற்று. சுவரில் எழுதியதற்குக் கீழே 'பேரல் நீங்கலாக' என்று கரியில் சேர்த்தேன்.

பதினோரு மணிக்குத் துரைக்கண்ணு புது லோடோடு வந்தான். இறங்கும்போதே கும்பிடு.

"அண்ணே, உங்க மூக்குக்கு முன்னால எந்தச் சரக்கும் நிக்காதுண்ணே. பாத்துச் சொல்லுங்க, இறக்கிருவோம்."

ஐந்து சாக்கில் குத்தி எடுத்தேன். ஒரு பிடியை மாதையன் மேகலாவிடம் கொண்டு போனான். மீதியோடு நான் வேப்பமரத்தடியில் நாற்காலியில் உட்கார்ந்தேன். இடது மூக்கில் வைத்து இழுத்தேன். வலது மூக்கில் வைத்து இழுத்தேன். கண்ணை மூடினேன். உள்ளங்கையில் தேய்த்தேன். ஊதினேன். மறுபடி இழுத்தேன். பத்து நிமிடம் மோப்பம் பிடிப்பது லேசான வேலை இல்லை. நாலாவது நிமிடத்தில் துரைக்கண்ணு வேர்க்க ஆரம்பித்தான். ஆறாவது நிமிடத்தில் எனக்குத் தும்மல் வந்தது. அவன் முகம் வெளுத்துவிட்டது.

"என்னண்ணே, முன்னெல்லாம் ஒரே இழுப்புல சொல்லிருவீங்களே?"

"அதுல ஒருக்கா ஏமாந்துட்டேன்" என்றேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

மேகலா மிக்சர் அறை வாசலில் வந்து நின்றாள். என் சாவி அவள் இடுப்பில். முந்தானையைச் சரிசெய்வதுபோல் ஒரு விரலைத் தூக்கினாள். ஒன்று.

கையிலிருந்த சோளத்தைத் தரையில் உதறினேன். "போ" என்றேன்.

துரைக்கண்ணு எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அடியில் நாலு சாக்கு மட்டும் மழையில் நனைந்தது, மேலே எல்லாம் நல்ல சரக்கு என்று அவனாகவே கக்கிவிட்டான். லாரி ஏறும்போது டிரைவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது: "இந்தக் கெழவன் மூக்கு இருக்கற வரைக்கும் இந்தப் பக்கம் ஈரச் சரக்கு கொண்டாரக் கூடாதுடா."

லாரி போனதும் மாதையன் பழக்க தோஷத்தில் இருமினான். இனிமேல் நீ இருமவேண்டியதில்லை என்றேன். இல்லீங்க மொதலாளி, இது நெசமாலுமே சளிங்க என்றான். கசாயம் வைத்துக் கொடுக்கும்படி நல்லம்மாளிடம் சொன்னேன். வைத்தாள். தம்ளரை முதலில் என்னிடம் கொண்டுவந்து, "மெளகு வாசம் சரியா இருக்குதுங்களா?" என்று, துரைக்கண்ணு கேட்ட அதே பயபக்தியோடு, கேட்டாள்.

கண்ணை மூடி ஒரு இழுப்பு இழுத்தேன். எடு என்றேன்.